தீபாவளிப் பட்சணமும் ஈரத்தின் கணக்கும்

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கொண்டாடும் பண்டிகைகளுள் சமையலறை வேலையை மிக நீண்ட நாள்களுக்கு விரிப்பது தீபாவளியே ஆகும். பொங்கலன்று பால் பொங்குவதும் விநாயகர் சதுர்த்தியன்று கொழுக்கட்டை வேகுவதும் அந்தந்த நாளின் காலையில் தொடங்கி அந்தக் காலையிலேயே முடிந்துவிடுகின்றன. தீபாவளிக்குரிய பட்சணங்களோ பண்டிகைக்கு ஒரு வாரமோ பத்து நாள்களோ முன்பே தொடங்கப்பட்டு, பண்டிகை கழிந்த பின்பும் சம்படங்களில் இருந்து, வந்தவர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பகிரப்படுகின்றன. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று விடிவதற்கு முன்பே எண்ணெய்க் குளியலும் லேகியமும் புத்தாடையும் பலகாரமும் அடுத்தடுத்து நடந்தாக வேண்டியிருப்பதால், முன்கூட்டிச் செய்துவைக்காமல் இந்தப் பண்டிகையை நடத்தவே இயலாது. ஊரெங்கும் பிரிந்து வாழும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் முந்தைய நாள் இரவு வந்து சேர்கிற வீட்டில், அதிலும் தலைத்தீபாவளிக்குப் புதுமணத் தம்பதியர் வருகிற பெண் வீட்டில், எதை எந்த நாளில் செய்வது என்ற கேள்வி எதையெல்லாம் செய்வது என்ற கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறது.

பழகிய கைகள் இந்த வரிசையைக் கேட்காமலே அறிந்திருந்தன. முறுக்கும் தட்டையும் முதலில் செய்யப்படும். உருண்டை வகைகள் அவற்றை ஒட்டி வரும். அதிரச மாவு நடுவில் கிளறப்படும். பால் சேர்ந்த இனிப்பு பண்டிகையை நெருங்கிய பிறகே அடுப்பேறும். வடையும் பஜ்ஜியும் அன்று காலை வரை காத்திருக்கும். இந்த வரிசையை ஊன்றிப் பார்த்தால், ஒவ்வொரு பண்டத்திலும் எஞ்சியிருக்கும் ஈரத்தின் அளவே அதன் இடத்தைத் தீர்மானித்திருப்பது தெரியவரும். ஈரம் குறைந்தது முன்னே, மிகுந்தது பின்னே என்ற இந்த ஒரே விதியைப் புரிந்துகொண்டவர்கள், தங்கள் வீட்டு வழக்கில் இல்லாத புதுப் பண்டங்களுக்கும் பட்டியலில் சரியான நாளை ஒதுக்கிவிட முடியும்.

உணவு அறிவியலில் இதற்கு நீர்ச்செயற்பாடு என்ற அளவுகோல் உண்டு. ஒரு பண்டத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த நீரில் எவ்வளவு பங்கு நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் நிலையில் கட்டவிழ்ந்து கிடக்கிறது என்பதையே இது குறிக்கிறது. தூய நீருக்கு இதன் மதிப்பு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. பெரும்பாலான பூஞ்சைகள் 0.80-க்குக் கீழே வளர்வதில்லை, 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருக வழியில்லை. சர்க்கரையும் வெல்லமும் உப்பும் நீரைத் தம்முடன் பிணைத்துக்கொள்வதால், கையால் தொட்டால் பிசுபிசுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும் அதிரசமோ லேகியமோ கூடப் பல நாள்கள் கெடாமல் நிற்கிறது. அதே அளவு ஈரமுள்ள, ஆனால் சர்க்கரை சேராத ஒரு பண்டம் மறுநாளே ஊசிப்போகிறது.

முறுக்கு இந்தக் கணக்கின் ஒரு முனையில் நிற்கிறது. அரிசி மாவும் வறுத்து அரைத்த உளுந்து மாவும் பெரும்பாலும் நான்குக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, வெண்ணெயும் உப்பும் எள்ளோ சீரகமோ ஓமமோ சேர்த்துப் பிசைந்த மாவு, நாழியிலிருந்து காய்ந்த எண்ணெயில் விழுந்தவுடன் எழும் நுரையும் சலசலப்பும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதன் அடையாளமே ஆகும். அந்த ஓசை அடங்கிய பிறகே முறுக்கை எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம், ஓசை கேட்கும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்பதுதான். நிறத்தை மட்டும் பார்த்து எடுத்த முறுக்கு அன்று மொறுமொறுப்பாகவே இருந்தாலும், நடுவில் தங்கிய ஈரம் இரண்டொரு நாளில் முறுக்கு முழுவதும் பரவி அதனைத் தளர்த்திவிடுகிறது. எண்ணெய் போதிய சூட்டை அடையும் முன்பே பிழிந்தாலும், ஒரே ஈட்டில் அளவுக்கு மீறிப் பிழிந்து எண்ணெயின் சூட்டைத் தணித்துவிட்டாலும், நீர் விரைந்து வெளியேறாமல் மாவு எண்ணெயைக் குடிக்கிறது. அப்படிக் குடித்த எண்ணெய்தான் பிறகு காற்றுடன் கலந்து காறல் வாடைக்கு வழிவிடுகிறது என்பதால், பத்து நாள்களுக்கு வைத்திருக்க வேண்டிய பண்டத்தில் எண்ணெய்ச் சூட்டின் பக்குவம் சுவையை மட்டுமன்றி ஆயுளையும் நிர்ணயிக்கிறது.

நன்றாகப் பொரித்த முறுக்கில் நுண்ணுயிர் வளர இடமே இல்லை. அதற்கு வரும் கேடு வேறு வகைப்பட்டது. பொரிந்த மாவு கண்ணாடியைப் போல இறுகிய நிலையில் இருப்பதால்தான் கடித்தவுடன் உடைகிறது. அது காற்றிலிருந்து சிறிது ஈரத்தை இழுத்துக்கொண்டு, நீர்ச்செயற்பாடு ஏறத்தாழ 0.4 முதல் 0.5 வரை உயர்ந்தாலே, இறுக்கம் குலைந்து நமத்துப்போகிறது. தீபாவளி வரும் ஐப்பசியோ வடகிழக்குப் பருவமழையின் மாதம். மழைக்காற்றில் ஒரு தட்டில் திறந்து வைத்த முறுக்கு சில மணி நேரத்திலேயே நமப்பது இதனால்தான். ஆகவே பொரித்தவற்றை ஆற வைப்பதிலும் அடைத்து வைப்பதிலும் காட்டும் கவனம் மாவுப் பக்குவத்துக்குக் காட்டும் கவனத்துக்கு எள்ளளவும் குறையக் கூடாது. சூடு ஆறாமல் மூடினால் பண்டத்திலிருந்து எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து சொட்டும். முழுவதும் ஆறிய பின்பும் வெகுநேரம் திறந்தே வைத்தால் வெளியீரம் ஏறும். கை பொறுக்கும் சூடும் தணிந்த அந்த நேரத்திலேயே, ஈரமின்றித் துடைத்துக் காயவைத்த எவர்சில்வர் தூக்கில் இட்டு இறுக மூடுவது நல்லது. நாள்தோறும் எடுத்துப் பரிமாறுவதற்கென ஒரு சிறு டப்பாவைத் தனியே வைத்துக்கொண்டு, பெரிய தூக்கை அடிக்கடி திறக்காமல் இருப்பது அதனினும் நல்லது.

ஒரே டப்பாவில் முறுக்கையும் அதிரசத்தையும் சேர்த்து வைக்கக் கூடாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. ஈரம் எப்போதும் நீர்ச்செயற்பாடு மிகுந்த பண்டத்திலிருந்து குறைந்த பண்டத்தை நோக்கியே நகரும். ஆகவே மூடிய டப்பாவுக்குள் அதிரசம் காய, முறுக்கு நமக்க, இரண்டும் ஒருசேரக் கெடுகின்றன. மிக்சரில் சேரும் கறிவேப்பிலையைச் சருகாகும் வரை பொரித்தே கலக்க வேண்டும் என்பதற்கும், பூண்டைத் தட்டிப் போடுவோர் அதை நன்றாகச் சிவக்க விட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஈரம் ஒளிந்திருக்கும் சில இலைகள் ஒரு தூக்கு மிக்சரையும் தளர்த்திவிடப் போதுமானவை.

உருண்டை வகைகளின் ஆயுளுக்கு வறுவலே அடிப்படை. பாசிப்பருப்பையோ பொட்டுக்கடலையையோ மணம் வரும்வரை வறுத்து, மாவாக்கி, பொடித்த சர்க்கரையுடன் சூடான நெய் ஊற்றிப் பிடிக்கும் உருண்டைகளில் தண்ணீர் என்ற ஒன்று சேர்வதேயில்லை. நெய்யும் வெண்ணெயிலிருந்த நீரைக் காய்ச்சி நீக்கியதால் கிடைத்தது. பாகு காய்ச்சத் தெரியாதவர்களுக்கும், முதன்முறையாகப் பண்டிகைச் சமையலை ஏற்பவர்களுக்கும், பத்து நாள் முன்பே செய்து கவலையின்றி வைக்கத்தக்க இனிப்பு இதைப்போல வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கடைகளில் சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் உண்ணத்தக்க காலக்கெடுவை அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறையை 2020 அக்டோபர் முதல் கொண்டுவந்தபோது, அதற்கென வெளியிட்ட வழிகாட்டுதலில் பால் சார்ந்த இனிப்புகள் பலவற்றுக்கு இரண்டு நாள் அளவிலான காலமும் கடலைமாவு லட்டு போன்றவற்றுக்கு முப்பது நாள் வரையிலான காலமும் காட்டப்பட்டிருந்தன. வீட்டுச் சமையலறை பழக்கத்தால் அறிந்திருந்த வரிசையும் ஆணையத்தின் வரிசையும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே ஈரத்தையே அளக்கின்றன.

அதிரசம் தனியே நின்று பேசத்தக்க பண்டம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் சற்றே ஈரம் தெரியும் நிலையிலேயே இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கிளறும் இந்த மாவு, செய்தவுடன் சுடப்படாமல் ஒரு நாளேனும் ஓய்வில் வைக்கப்படுகிறது. பாகு தண்ணீரில் விட்டால் கரையாமல் மென்மையாக உருண்டு வரும் பதத்தில் இருக்க வேண்டும். சர்க்கரைப் பாகைப் பொறுத்தவரை இந்த உருட்டுப் பதம் ஏறத்தாழ 112 முதல் 116 பாகை செல்சியஸில் வருகிறது. பதம் இளகினால் எண்ணெயில் இட்ட அதிரசம் கரைந்து பிரியும், முற்றினால் கல்லாகும். ஓய்வு நேரத்தில் அரிசி மாவு பாகின் ஈரத்தை மெல்ல உறிஞ்ச, பாகு மாவின் ஒவ்வொரு துகளையும் சுற்றிப் படிய, மாவு முழுவதும் ஒரே சீராகிறது. வெல்லம் நீரைப் பிணைத்து வைப்பதால் இந்த மாவு ஜாடியில் சில நாள்கள் தாங்கும் என்பது, திட்டமிடுவோர்க்குப் பெரிய வசதி. அதிரசத்தைச் சுட்டுவைப்பதற்குப் பதிலாக மாவைச் செய்துவைத்து, விருந்தினர் வந்த இரவிலோ, அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் படையலுக்கு முன்போ, வேண்டிய எண்ணிக்கையில் மட்டும் சுட்டுக்கொள்ளலாம். முன்கூட்டிச் செய்தல் என்றால் முடித்துவைத்தல் என்றே பொருள்கொள்ள வேண்டியதில்லை, பாதி வழியில் பத்திரமாக நிறுத்திவைத்தலும் அதற்குள் அடங்கும் என்பதை அதிரச மாவு காட்டுகிறது.

பண்டிகைக்கு முந்தைய நாளின் வேலைகள் முழுவதும் இத்தகைய நிறுத்தங்களே ஆகும். சுழியனுக்கு உரிய பூரணத்தை, கடலைப்பருப்பு வேகவைத்து வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, உருட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். தேங்காய் சேர்ந்திருப்பதால் வெளியில் இரவு முழுவதும் விடுவது தகாது. இட்லி மாவை முந்தைய நாள் பிற்பகலிலேயே அரைத்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் புளிப்பு ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், கோடையில் போதுமான எட்டு மணி நேரத்தை நம்பியிருந்தால் விடியற்காலையில் மாவு பொங்காமல் கிடக்கும். குழம்புக்கான மசாலாவை அரைத்து வைக்கலாம். வெங்காயம் உரித்து, தேங்காய் துருவிக் குளிரில் வைக்கலாம். சட்னியை மட்டும் காலையில்தான் அரைக்க வேண்டும். லேகியமும் இந்த நாளுக்கு உரியது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, ஓமம் முதலியவற்றை வறுத்துப் பொடித்து, வெல்லத்திலோ கருப்பட்டியிலோ கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதத்தில் இறக்கும் இந்த மருந்து, எண்ணெய்ப் பலகாரங்கள் மிகுந்த நாளின் செரிமானத்துக்கென்று முன்னோர் வகுத்தது. ஈரம் குறைந்து இனிப்பு மிகுந்திருப்பதால் இதை ஓரிரு நாள் முன்னதாகவே செய்துவிட்டாலும் குறையில்லை.

தீபாவளிக் காலையில் இட்லியுடன் ஆட்டுக்கறிக் குழம்போ கோழிக் குழம்போ உண்ணும் வழக்கம் தமிழ்நாட்டின் பல குடும்பங்களில் உறுதியாக நிலைத்திருக்கிறது. முன்கூட்டிச் சமைப்பதில் மெய்யான ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் சமைத்த உணவில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன. முந்தைய இரவு பெரிய அண்டாவில் கொதித்த குழம்பை அப்படியே மூடி வைத்தால், அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் இந்த வெப்ப எல்லைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிப்பிலும் சாகாமல் பிழைத்திருந்து, காற்றுப் புகாத அந்த நடுப்பகுதியில் முளைத்துப் பெருகும். கறிக் குழம்புகளால் விளையும் வயிற்றுப்போக்கில் இதன் பங்கு நன்கு அறியப்பட்டது. ஆகவே இரவிலேயே குழம்பு வைத்தாக வேண்டிய வீடுகளில், அடுப்பை அணைத்ததும் குழம்பை அகலமான, ஆழம் குறைந்த இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் சேர்த்துவிட வேண்டும். காலையில் ஓரம் கொதித்தால் போதுமென்று நிறுத்தாமல், நடுப்பகுதியும் தளதளவென்று கொதிக்கும்வரை கிளறிச் சூடாக்க வேண்டும். பெட்டியில் இடமில்லாத வீட்டினர் மசாலாவை மட்டும் இரவில் அரைத்து வைத்துக்கொண்டு, கறியைக் காலையில் குக்கரில் வேகவைப்பதே பாதுகாப்பானது.

சோற்றை முந்தைய இரவே வடித்து வெளியில் வைப்பதும் விலக்கத்தக்கதே. அரிசியில் இயல்பாக இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலைக் கொதிப்பைத் தாங்கி நின்று, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. புளிக்காய்ச்சலின் நிலை இதற்கு நேர்மாறானது. புளியின் அமிலமும் உப்பும், நீர் சுண்டி நல்லெண்ணெய் மேலே மிதக்கும் பதமும் சேர்ந்து காப்பதால் அது வாரக்கணக்கில் தாங்கும். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே செய்துவைக்கக்கூடிய முதல் பொருளும் அதுவே எனலாம்.

வகைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் வீட்டின் பெருமை அடங்கியிருப்பதாகக் கருதும் போக்கு இன்றும் உண்டு. அந்தப் பெருமையின் விலையைப் பெரும்பாலும் ஒருவரே, அதுவும் வீட்டின் மூத்த பெண்ணே, கொடுக்க நேர்கிறது; விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, எல்லோரும் உண்டு முடித்த பின்பு ஆறிப்போன இட்லியுடன் கடைசியாக அமர்கிறவர் அவர். முன்கூட்டித் திட்டமிடுவதன் பயன் அவரும் மற்றவர்களுடன் ஒரே பந்தியில் அமர்வதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு இனிப்பு, இரண்டு காரம், லேகியம் என்பது பத்துப் பதினைந்து பேர் கூடும் வீட்டுக்குப் போதுமான அளவு. அவற்றை நிறைவாகச் செய்தால் யாருக்கும் குறை தோன்றாது. முறுக்குப் பிழியும் நாளை எல்லோரும் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளாகத் தேர்ந்தால், மாவு பிசைய ஒருவர், நாழியை அழுத்த ஒருவர், அடுப்பைப் பார்க்க ஒருவர் என்று வேலை பகிரப்படும். நாழியை அழுத்துவதற்கு வேண்டிய கைவலிமை ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தாராளமாகவே இருக்கிறது.

காலைப் பட்டியலை முடிவு செய்யும்போது அடுப்பின் முனைகளை எண்ணிப் பார்ப்பது மிக அவசியம். இரண்டு முனை அடுப்பில் இட்லிப் பானை ஒன்றைப் பிடித்துக்கொள்ள, மற்றொன்றில் குழம்பு சூடாவதும் வடை பொரிவதும் காபிக்குப் பால் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டியிருக்கும்; இதனுடன் பஜ்ஜியும் சுழியனும் சேர்ந்தால் கூட்டம் முழுவதும் தட்டேந்திக் காத்திருக்க நேரும். அவிப்பது ஒன்று, பொரிப்பது ஒன்று, சூடாக்குவது ஒன்று என்பதோடு காலைப் பட்டியலை நிறுத்திக்கொண்டு, சுழியனை மாலைக்குத் தள்ளிவைப்பது எல்லோருக்கும் இளைப்பாறல் தரும். வாணலியில் எஞ்சும் எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம்; நிறம் கறுத்து, கெட்டிப்பட்டு, நுரைக்கத் தொடங்கிய எண்ணெயைப் புதிய எண்ணெயுடன் கலந்து மீண்டும் பொரிக்கக் கூடாது. இந்திய உணவுத் தொழிலில், திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் சிதைவுப் பொருள்கள் எண்ணெயில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அளக்கும் கருவி இல்லாததால் கண்ணையும் மூக்கையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

வந்தவர்கள் ஊர் திரும்பும் நாளுக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்குவது முறை. அவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பட்சணங்களைப் பண்டிகைக்கு முன்பே, முழுமையாக இருக்கும் முறுக்குகளையும் உருண்டைகளையும் பொறுக்கித் தனித் தூக்கில் எடுத்து மூடிவைத்துவிட்டால், கடைசி நேரத்தில் நொறுங்கலும் நமத்ததும் கட்டிக்கொடுக்க நேராது. அதிரசத்தை எண்ணெய் வடிய அழுத்தி, தனிப் பொட்டலமாக வைக்க வேண்டும். திரட்டுப்பாலையும் பால்கோவாவையும் இரவுப் பேருந்தில் பயணம் செய்பவரிடம் கொடுக்காமல் வீட்டிலேயே பரிமாறித் தீர்ப்பது உத்தமம். வழியில் உண்பதற்குக் கட்டுச்சோறாக, இரண்டு வாரம் முன்பு செய்துவைத்த புளிக்காய்ச்சலை, அன்று வடித்து ஆற்றிய சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். தயிர்சாதம் வேண்டுமென்று கேட்கும் குழந்தைகளுக்கு, காய்ச்சி ஆறிய பாலில் சோற்றைக் குழைத்துச் சிறிது தயிர் மட்டும் சேர்த்துக் கட்டினால், ஊர் போய்ச் சேரும் நேரத்தில் புளிக்காமல் பதமாக இருக்கும்.